பால் சூடு

மோர் குடித்தே ஐந்து நாள் ஓடிவிட்டது. தலையில் விளக்கெண்ணெய், சோற்றுக்குப் பூசணிக்காய். ஏழாம் மாதமே பிறந்துவிட்ட குழந்தைக்குத் தன் பால் ஆகவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து, மாமியார் கெங்கம்மாள் கொடுத்ததையெல்லாம் செண்பகம் விழுங்கினாள்.

"டாக்டரே சொல்லிட்டாரு. உன் பால் சூடாம். அதான் புள்ள ஒடம்புல செவப்பா பூத்துக்கினு கீது."

டாக்டர் அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியாரிடம்தான் சொன்னார். பால் அவளுடையது, பேச்சு மட்டும் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் டம்ளரில் பீச்சித் தருவாள், மாமியார் குழந்தைகள் அறைக்குக் கொண்டுபோவாள். அந்தச் சூடு எங்கே இருக்கிறதென்று செண்பகம் தனக்குள் தேடிப் பார்த்தாள். வயிற்றில் பிள்ளையோடு செங்கல் சூளையில் நின்றதா? புருஷனிடம் எரிந்து விழுந்ததா? கையும் காலும் மோர் குடித்ததில் சில்லிட்டுத்தான் கிடந்தன.

ஆறாம் நாள் குழந்தையின் கண்ணில் மஞ்சள் ஏறியது. நர்ஸ் மேரி வந்து கேட்டாள்.

"பாலைச் சூடு பண்ணித்தானே குடுக்கறீங்க?"

"இன்னா சிஸ்டர்?"

"உன் மாமியாராண்ட டாக்டர் சொன்னாரே. பால்ல வைரஸ்னு ஒரு கிருமி இருக்கலாம். உன்னை ஒண்ணும் பண்ணாது, குறைமாசப் புள்ள தாங்காது. டம்ளரைச் சுடுதண்ணில வெச்சு, ஆறவெச்சுக் குடுக்கணும்."

செண்பகம் மாமியாரைப் பார்த்தாள்.

"அவரு சூடுன்னாரு, நானும் சூடுன்னேன்," என்றாள் கெங்கம்மாள். "தாய்ப்பாலை அடுப்புல வெச்சா மாரு வத்திப்பூடும். அப்பால உங்கப்பன் மாடு வாங்கித் தருவானா?"

வற்றிவிடுமோ என்று செண்பகத்துக்கும் பயம்தான். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. ஆனாலும் அப்போது பீச்சிக் கொடுத்திருந்த பால் டம்ளரை மாமியார் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் டாக்டர் வந்தார். வழக்கம்போல் கெங்கம்மாளைப் பார்த்துப் பேச வாயெடுத்தார். செண்பகம் நடுவில் போய் நின்றாள்.

"என்னாண்ட சொல்லு சார். எவ்ளோ நேரம் வெக்கணும்?"

"அரைமணி நேரம் வெச்சுப் பாரும்மா."

"வெச்சா பொழச்சுக்குமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புத்தகத்துல படிச்சதுதான். நிச்சயமாத் தெரியாது."

ஐந்து நாள் மோர் குடித்தது இதற்குத்தானா என்று செண்பகத்துக்கு எரிச்சல் வந்தது. வார்டு ஆயாவின் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரைச் சுடவைத்து, பால் டம்ளரை அதில் இறக்கினாள். வார்டில் கடிகாரம் இல்லை. மேரியை மணி பார்க்கச் சொல்லிவிட்டு, டம்ளரைப் பிடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்தாள்.