பதினாறாவது யோசனை

மச்சான் கொடுத்த அட்டையில், தேர்வுக்குப் படிப்பது எப்படி என்று இருபத்தொரு யோசனைகள் இருந்தன. மழையில் நனைந்தாலும் அழியக் கூடாதென்று லேமினேஷன் வேறு செய்து கொடுத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி அதை வாங்கிய கையோடு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அண்ணன் கொடுத்ததாயிற்றே. முதல் யோசனை, நிறையத் தண்ணீர் குடி என்பது. மெக்கானிக் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டே அதைப் படித்தான், படித்ததும் தாகம் போய்விட்டது.

மச்சானுக்கு வாரம் ஐந்து நாள் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இருக்கும் டுடோரியலில் 'தேர்வை வெல்வது எப்படி' என்று மைக் பிடித்துப் பேசுவார். அவர் தன்னுடைய ஆபீஸ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். கேட்டால் கொஞ்சமும் கூசாமல், "தோல்வியை உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்தவன்தான்யா வழி சொல்ல முடியும்" என்பார். குழியில் விழுந்தவனெல்லாம் ரோடு போடும் காண்டிராக்டர் ஆகிவிடலாம் போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொள்வான்.

அவன் எழுதப் போவது மேற்பார்வையாளர் உரிமத்துக்கான பரீட்சை. பதினேழு வருஷமாக லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கிரீஸும் தூசியுமாக வேலை பார்க்கிறவன் அவன். ஆனால் லிஃப்ட்டுக்குள்ளே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிற சான்றிதழில் கையெழுத்துப் போடுவது உரிமம் வைத்திருக்கிற இன்னொருவர். வெள்ளைச் சட்டையில் வருவார். குழியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பேனாவைத் திறந்துவிடுவார். அவரைக் கண்டாலே மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். "கண்ணால பார்த்தா எல்லா பிரேக்கும் நல்ல பிரேக்தான் சார். எடை ஏத்தி ஓட்டினாத்தான் அதோட யோக்கியதை தெரியும்" என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தான். "அதான் நீ இருக்கியேப்பா" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, கிரீஸ் பட்டுவிட்டதா என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார் அந்த மனிதர்.

அந்தக் கையெழுத்து தன்னுடையதாக வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. இரண்டு தடவை எழுதித் தேறவில்லை. மூன்றாவதும் போனால் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் அவனுக்கு ஐம்பத்தொன்று ஆகிவிடும். முழங்கால்கள் இப்போதே முனகுகின்றன.

அதனால் படித்தான், சும்மா சொல்லக் கூடாது. வேலை முடிந்து வந்ததும் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிப்பான். முக்கியமான வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. ஒன்பது முறை வாசித்து முடித்தபோது கோடு இல்லாத வரியே புத்தகத்தில் இல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பழகிய முகம் மாதிரி இருந்தது. "ஆமா, இது தெரிஞ்ச பக்கம்தானே" என்று புரட்டிக்கொண்டே போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மச்சான் அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாப்ளே, பரீட்சைக்குப் படிக்கிறியா, புத்தகத்துக்குப் பெயின்ட் அடிக்கிறியா?"

"எல்லாமே முக்கியம் மச்சான்."

"பதினாறாவது யோசனையைப் பார்த்தியா? புத்தகத்தை மூடி வெச்சிட்டு, யாரையாவது கேள்வி கேக்கச் சொல்லு. வாய் விட்டுச் சொல்லு. எங்க நிக்கிறியோ, அதுதான் உனக்குத் தெரியாத இடம்."

"நான் என்ன ஸ்கூல் பையனா, எழுந்து நின்னு ஒப்பிக்கிறதுக்கு?"

யோசனை நல்லதா கெட்டதா என்று அவன் பார்க்கவே இல்லை. சொன்ன வாய் யாருடையது என்று பார்த்தான், அது போதுமாயிருந்தது. மச்சான் கிளம்பிப் போனதும் அட்டையை உரித்தெடுத்து, திருகாணிகளைப் பிரித்துப் போடும் தட்டாக வைத்துக்கொண்டான். லேமினேஷனுக்கு அப்படியாவது ஒரு பயன் கிடைத்தது.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, டுடோரியல் இருக்கிற கட்டடத்திலிருந்து போன் வந்தது. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு ஆள் என்றார்கள். போனான். கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்றான்.

"மாப்ளே! நீயா?" என்று உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

கொஞ்ச நேரம் அவன் மனசுக்குள் நல்ல குளுகுளுவென்று இருந்தது. ஆனால் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டை இறக்க, மேலே மிஷின் ரூமைத் திறக்க வேண்டும். அந்தச் சாவி கட்டடத்துச் செக்ரட்டரி வீட்டில் இருந்தது. வாட்ச்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். மாட்டிக்கொண்டவரைச் சும்மா விடக் கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். மச்சானோடு பேச வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"மாப்ளே, கயிறு அறுந்துடாதே?"

"அறாது மச்சான். ஒரு கயிறு இல்ல, அஞ்சு இருக்கு."

"அஞ்சும் அறுந்தா?"

"அப்ப லிஃப்ட் வேகமா இறங்கும். கவர்னர்னு ஒண்ணு இருக்கு, அது பிடிச்சுக்கும்."

"எவ்வளவு வேகம் போனா பிடிக்கும்?"

மெக்கானிக் வாயைத் திறந்தான். அது புத்தகத்தில் இடது பக்கம், அடியில், டீக்கறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிவப்பில் இரண்டு கோடு போட்ட வரி. கறையின் வடிவம்கூடக் கண் முன்னால் வந்தது. எண் மட்டும் வரவில்லை.

"மாப்ளே? ஏன் பேச மாட்டேங்குற?"

"அது... வேகம் ஜாஸ்தியானா பிடிக்கும் மச்சான்."

"ஜாஸ்தின்னா எவ்வளவுடா? நான் விழுந்தப்புறமா பிடிக்கும்? பிடிச்ச அப்புறம் என்ன ஆகும்?"

அதற்கும் வரிசையாகப் பதில் வரவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. வாட்ச்மேன் சாவியோடு வருவதற்குள் மச்சான் பயத்தில் இருபது கேள்வி கேட்டிருப்பார், மெக்கானிக் பதினான்கில் திக்கினான். வெளியே இழுத்து விட்டபோது சட்டை நனைந்திருந்தது இருவருக்கும்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் தட்டிலிருந்த திருகாணிகளைக் கொட்டிவிட்டு, அட்டையைத் துடைத்துப் பதினாறாவதைப் படித்தான். எரிச்சலாகத்தான் இருந்தது. மனைவியிடம் புத்தகத்தைக் கொடுத்து, "கேளு. ஆனா உங்க அண்ணனுக்கு இது தெரியவே கூடாது" என்றான். பன்னிரண்டு நாளும் அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அவன் நின்ற இடங்களில் எல்லாம் கத்தி முனையால் புத்தக ஓரத்தில் ஒரு கீறல் போட்டாள். கடைசி நாளில் புதுக் கீறல் மூன்றுதான்.

தேறிவிட்டான், தேவைக்கு நாலு மார்க் கூடுதலாகவே. உரிமம் கைக்கு வந்த வாரம் மனைவி ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். முதல் கையெழுத்து அதே கட்டடத்தில். வாட்ச்மேனை, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டான். ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தான், கையெழுத்துப் போட்டான், கண்ணாடிச் சட்டத்தை மாட்டித் தள்ளி நின்று அழகு பார்த்தான். அப்போதுதான் மச்சான் பையும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான் மச்சான்."

"அன்னிக்குக் கதவுக்கு வெளியே நின்னு முழிச்ச ஆளா?"

"இப்பக் கேளுங்க" என்று மார்பை நிமிர்த்தினான் மெக்கானிக். கயிறு, பிரேக், கவர்னர் பிடிக்கும் வேகம், பிடித்த பிறகு நடப்பது, குழியின் அடியில் இடியைத் தாங்க வைத்திருக்கும் பஃபர் வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். மச்சான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"பிரமாதம். பதினாறாவது வேலை செஞ்சிருக்கு" என்றவர், பையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"மச்சான், லிஃப்ட் இங்க இருக்கு."

"இருக்கட்டும் மாப்ளே. பரீட்சை எழுதினது நீ. லிஃப்ட்டுக்கு யார் பரீட்சை வெச்சா? எடை கிடை ஏத்திப் பார்ப்பேன்னு எங்கிட்ட எவ்வளவு பெருமை பேசுவே. இன்னிக்குப் பார்த்தியா?"

"இது... தெரிஞ்ச லிஃப்ட்தானே மச்சான்."

சொல்லி முடிப்பதற்குள் அந்த வார்த்தை அவன் காதுக்கே நாராசமாக இருந்தது. மச்சான் அதற்குள் மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டிருந்தார். நாலு மாடியும் நடந்தே போவார், அதுவும் வருகிற சனிக்கிழமையெல்லாம் போவார் போலிருந்தது. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் படியில்தான் ஏறியிருப்பேன் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்தது, அதுதான் பொறுக்கவில்லை. வெறும் கையால் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றப் பார்த்தான். வெள்ளைச் சட்டைப் பையில் பேனா இருந்தது, ஸ்க்ரூ டிரைவர் இல்லை.

வாட்ச்மேனிடம் ஒன்று கடன் வாங்கிக் கழற்றினான். 'வேலை நடக்கிறது' என்ற பலகையை வாசலில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எடைக்கற்கள் இருக்கும் கம்பெனிக் கிடங்குக்குப் போனான்.