மூன்று லிட்டர் தண்ணீர்

பணிமனையில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால், பகல் இரண்டரைக்குத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும்வரை ஒரு தடவைகூட இறங்கி ஒதுங்காமல் ஓட்டுவாள் என்பதால் வந்த பெயர். பதினோரு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறாள். பயணிகள் டிரைவரம்மா என்பார்கள். கூட ஓட்டும் ஆண்கள் முகத்துக்கு நேராகவே ஒட்டகம் என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. தங்களால் முடியாதது இவளால் முடிகிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்வதாக நினைத்திருந்தாள்.

வருஷாந்திர உடல் பரிசோதனையில்தான் வினை வந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒன்பதைத் தாண்டியிருந்தது. அடுத்த பரிசோதனையில் இது ஏழுக்குக் கீழே இறங்காவிட்டால் வண்டியைக் கையில் கொடுக்க முடியாது என்று டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் அவள் வயதுப் பெண்தான். காலையில் என்ன, மதியம் என்ன, ராத்திரி என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், என்ன குடிப்பீர்கள் என்று கேட்டதும் இவள் சொன்ன பதிலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடையில் விற்கும் ஆரஞ்சு நிறக் குளிர்பானம். ஒரு லிட்டர் பாட்டில். வெயில் நாளில் ஒன்றரை.

"ஒரு பாட்டில்ல எப்படியும் இருபத்தஞ்சு ஸ்பூன் சர்க்கரை இருக்கும். தினமும் அதைக் குடிச்சிருக்கீங்க. தாகம்னா தண்ணி குடிக்கலாம்ல? அது என்ன கிடைக்காத பொருளா?"

டிரைவரம்மாவுக்கு முகம் மட்டும் சிவந்தது. ஆலோசகர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் பாதிக்கும் கீழே குறைய வேண்டும். குடிப்பதில் பழச்சாறு கூடாது, பாட்டில் பானம் கூடவே கூடாது. சர்க்கரையும் பாலும் இல்லாத டீ, காபி குடிக்கலாம். எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் குடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர், நாளைக்கு மூன்று லிட்டர். மாவுச்சத்தைக் குறைத்த முதல் சில வாரம் உடம்பு தன்னிடம் இருக்கும் நீரை வெளியே தள்ளும், அதனால் தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்று அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஏதோ நாக்கு ருசிக்காக அதைக் குடித்ததுபோலல்லவா அந்தம்மா பேசிவிட்டாள். அந்த ஆரஞ்சுத் தண்ணீர் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. வேலைக்கு வந்த முதல் வருஷமே எல்லாவற்றையும் குடித்துப் பார்த்துவிட்டாள். டீ குடித்தால் அரைமணியில் முட்டும். காபி அதற்கும் முன்னால். ஒருநாள் வெறும் தண்ணீர் அரை லிட்டர் குடித்துவிட்டு, ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தாள். பின்னால் அறுபது பேர். அன்றோடு தண்ணீரை விட்டாள். இந்தப் பானம் என்றால் வண்டி திரும்பும் இடத்தில் இரண்டே மடக்கு போதும். வாய் நனையும், தூக்கம் ஓடும், பசி அடங்கும், அடிவயிறும் சும்மா இருக்கும். வாங்கின பாட்டில் வீணாகக் கூடாதென்று மீதியை வேலை முடிந்ததும் குடித்துத் தீர்ப்பாள். அவள் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த பானம் அது.

அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவர். எதையும் நிதானமாகச் செய்கிறவர். விஷயம் தெரிந்ததும் வீட்டிலிருந்த மூன்று பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தார். பிறகு போனை நோண்டி ஆராய்ச்சி செய்து, மறுநாள் மேஜைமேல் ஒரு வரிசையே வைத்துவிட்டார். சர்க்கரை சேர்க்காத சோடா, பச்சைத் தேயிலை, எலுமிச்சை, இஞ்சித் தூள், ஏதோ விதை போட்ட பாக்கெட். ஒவ்வொன்றிலும் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார். இதில் எதைக் குடிக்கிறாய், நீயே சொல் என்றார்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எதைக் குடிக்கிறதுன்னு என்னைக் கேக்காதீங்க. குடிச்சதை எங்க போய் விடுறதுன்னு கேளுங்க. பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அவர் கையிலிருந்த பாக்கெட்டை மெதுவாக வைத்தார். "அங்க கக்கூஸ் இல்லையா?"

"இருக்கு. பூட்டி இருக்கு."

அவர் சோடாவை மட்டும் எடுத்து உள்ளே வைத்தார். இத்தனை நாள் அவரிடமும் சொல்லவில்லையே என்று அவளுக்குத் தன்மேலும் கோபம் வந்தது. சொல்ல என்ன வெட்கம்? ஒட்டகம் என்று கூப்பிட்டதைக்கூடச் சிரித்துக்கொண்டே இவரிடம் சொன்னவள்தானே.

ஒரு லிட்டர் பிடிக்கிற தண்ணீர் பாட்டில் இரண்டு வாங்கினாள். முதல் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஆலோசகர் சொன்னது பொய்யில்லை. குடித்ததற்கு மேலேயே உடம்பு வெளியே தள்ளியது. நான்காம் நாள் ஏழரை மணிக்கெல்லாம் முதல் பாட்டில் காலி. ஒன்பதரைக்கு வண்டி கடைசி நிறுத்தத்தில் போய் நின்றபோது, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு எழுந்தவளால் நிமிர முடியவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு இறங்கினாள்.

அந்த நிறுத்தத்தில் நேரக் காப்பாளருக்கு ஓர் அறை. அதை ஒட்டி இன்னொரு கதவு. கதவில் ஒரு பெண் முகம் வரைந்திருக்கும், பாதி உரிந்துபோய். அதில் ஒரு பூட்டு. ஆண்களுக்கு அந்தக் கவலை இல்லை, பின்சுவருக்குப் போய்விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் சாவி கேட்டிருக்கிறாள். அப்போதிருந்த நேரக் காப்பாளர், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இப்போது இருப்பவர் ஆறு வருஷமாக இருக்கிறார். குணம் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வண்டி பத்து நிமிஷம் பிந்தினால்கூடக் கண்டுகொள்ளாமல் எழுதுகிறவர்.

சாவி வேண்டும் என்றாள். அவர் முதலில் புரியாமல் விழித்தார். அது இப்போது சாமான் வைக்கும் அறை என்றார். இந்தத் தடத்தில் பெண் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தானே, ஒருவருக்காகத் திறந்து வைத்தால் ஊரே வந்து அசிங்கம் பண்ணிவிடும் என்றார். எதிர்வீட்டில் கேட்டால் மாட்டேன் என்றா சொல்வார்கள், நானே வேண்டுமானால் வந்து கேட்கிறேன் என்று பரிவாகவே சொன்னார். அந்தப் பரிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடைசியாக அவர் கேட்டார்:

"பதினோரு வருஷமா இல்லாம இன்னிக்கு என்னம்மா புதுசா?"

அவருக்குப் பின்னால் சுவரில் ஆணி வரிசை. நடுவில் ஒரு சாவி, கழுத்தில் அட்டை கட்டித் தொங்கியது. அட்டையில் 'பெண்கள்' என்று யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். எத்தனை தடவை இந்த மேஜைமுன் நின்று கையெழுத்துப் போட்டிருப்பாள். கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

நீட்டினாள். அவர் எழுவதற்குள் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பூட்டு மக்கர் பண்ணவில்லை. வாரத்துக்கு நாலு தடவை திறக்கிற பூட்டுபோல வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே பழைய வழித்தடப் பலகைகள், பஞ்சு பிதுங்கிய சீட்டுகள், இரண்டு டயர், எல்லாவற்றுக்கும் முன்னால் துடைத்து வைத்த ஒரு சைக்கிள். நேரக் காப்பாளரின் சைக்கிள். கக்கூஸ் பேசின் மட்டும் தெரியவில்லை, பலகைகளுக்கு அடியில் எங்கேயோ இருந்தது.

அவள் சைக்கிளைத் தூக்கி வெளியே வைத்தாள். வைத்தாள் என்று மரியாதைக்குச் சொல்வது. பிறகு ஒரு பலகை, இன்னொரு பலகை. டயரை உருட்டிவிட்டாள், அது போய் மின்கம்பத்தில் மோதி விழுந்தது. உடம்பு ஒருபக்கம் வெடித்துவிடும்போல இருக்கிறது, ஒவ்வொரு தடவை குனியும்போதும் உயிர் போகிறது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. கண்டக்டர் பையை இடுக்கிக்கொண்டு வந்து பார்த்தான். நாலு வருஷமாக அவளோடு ஓடுகிறவன், நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஒன்றும் கேட்காமல் பையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டு சீட்டின் மறுமுனையைப் பிடித்தான். ஐந்து சீட்டு. சேர்ந்தே தூக்கிப் போட்டார்கள்.

அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள் சலசலக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜன்னலில் தலையை நீட்டிய ஓர் ஆள், உங்கள் சொந்த வேலைக்கு நாங்கள் ஆபீசுக்குப் பிந்திப் போக வேண்டுமா என்று கேட்டார். அவள் முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"நான் போய்ட்டு வந்துதான் வண்டி எடுப்பேன். அவசரம்னா நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க."

தலை உள்ளே போய்விட்டது.

கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திருகினால் காற்றுத்தான் வந்தது. மாற்றாகக் கொண்டுவந்திருந்த குடிதண்ணீர் பாட்டிலில்தான் எல்லாம் செய்ய வேண்டியிருந்தது. வேலை முடிந்த பிறகும் உடனே வெளியே வர முடியவில்லை. வலி போய்விட்டது, ஆத்திரம் போகவில்லை. பதினோரு வருஷம். அதில் ஆறு வருஷமாக, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சைக்கிள் நிழலில் நின்றிருக்கிறது, அந்தப் பக்கம் இவள் வெயிலில் உட்கார்ந்து இரண்டு இரண்டு மடக்காகச் சர்க்கரையைக் குடித்திருக்கிறாள்.

வண்டி முப்பத்தெட்டு நிமிஷம் தாமதம். மூன்றாம் நாள் மெமோ வந்தது, காரணம் கேட்டு. வீட்டுக்காரர் பதவிசாக ஒரு பக்கம் எழுதித் தந்தார். அதை மடித்து வைத்துவிட்டு அவளே எழுதினாள். தண்ணீர் குடித்தேன், அதனால் தாமதம். இரண்டே வரி.

கிளை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். விளையாடுகிறீர்களா என்று கேட்டார். பிறகு தன்மையாக, இயந்திரக் கோளாறு என்று மாற்றி எழுதிக் கொடுங்கள், நான் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றார். அவள் அசையவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். இத்தனை வருஷம் சமாளித்தவர்தானே, பணிமனையே உங்களை ஒட்டகம் என்கிறதே என்றார்.

"அந்த ஒட்டகத்துக்குச் சர்க்கரை வந்து செத்துப்போச்சு சார். இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஆனால் அடுத்த அறையில் தட்டச்சு நின்றுவிட்டது.

விசாரணை என்று மூன்று மாதம் இழுத்துக்கொண்டே போனார்கள். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு நடைக்கும் ஆணியிலிருந்து சாவியை அவளே எடுத்தாள், அவளே மாட்டினாள். நேரக் காப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சைக்கிளை அறைக்கு வெளியே சங்கிலி போட்டுக் கட்டி, மழைக்குச் சாக்கு போர்த்தினார். அவள் தண்ணீர் குடித்தாள், பால் சேர்க்காத டீ குடித்தாள். சாப்பாட்டைக் குறைத்த முதல் இரண்டு வாரம் தலை சுற்றியது, அப்புறம் பழகிவிட்டது. பரிசோதனையில் ஆறரை வந்தது. நல்ல மனக்கட்டுப்பாடு உங்களுக்கு என்று டாக்டர் பாராட்டினார். அவளுக்கு அதைக் கேட்டும் சுருக்கென்றுதான் இருந்தது.

அதே வாரம் உத்தரவு வந்தது. எச்சரிக்கையோடு தடமாற்றம். புதுத் தடம் முன்னதைவிட இரண்டு மடங்கு நீளம், கடைசி நிறுத்தத்தில் ஒரு கம்பத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. அறை இல்லாத இடத்தில் பூட்டு எதற்கு? யாரோ யோசித்துச் செய்த வேலை. பழைய தடத்திலேயே இருந்துவிட்ட கண்டக்டர் நாலாம் நாள் போன் செய்து, சைக்கிள் உள்ளே போய்விட்டது அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். அன்றைக்கு அவள் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் காலை, பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. முதல் நாலு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருந்தாள். அன்றைக்கு இடப்பக்க விளக்கைப் போட்டு வண்டியை உள்ளே திருப்பினாள். புதுக் கண்டக்டர் பதறிக்கொண்டு முன்னால் வந்தார், இங்கே ஸ்டாப்பிங் கிடையாதே என்று. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, எழுந்து, பயணிகள் பக்கம் திரும்பி நின்றாள்.

"நாலு நிமிஷம் நிக்கும். நான் பாத்ரூம் போறேன். போகணும்னு இருக்கிறவங்க வாங்க."

அவள் இறங்கி, பெட்ரோல் போடுகிறவரிடம் வழி கேட்டுப் போய்விட்டு வெளியே வந்தபோது, வாசலில் ஆபீஸ் பை மாட்டிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சின்னப் பெண்ணைக் கையில் பிடித்த ஒரு தாய். அப்புறம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும் ஒரு வயதான அம்மா. வண்டியின் பின்படியில் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் கடிகாரத்தைக் காட்டினார். நாலு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.

"எல்லாரும் வரட்டும்" என்றாள் அவள். வண்டியின் கதவோரம் சாய்ந்து நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவசரப்படாமல், ஒரு பாதி குடித்தாள்.