சரணத்துக்கு அரை டிக்கெட்

இணையத்தில் கேட்கும் பாட்டு எதுவும் வால்பாறைக்கு முழுதாக ஏறுவதில்லை. பல்லவி லேசானது, கைபேசியைத் தொட்டதும் மேலே போய்விடும். சரணம் கனம். முதல் வளைவிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் பாட்டுக் கம்பெனி சரணங்களைப் பொள்ளாச்சியிலிருந்து காலை பஸ்ஸில் அனுப்பி வந்தது.

முழுப் பாட்டு இல்லை என்பதால் கண்டக்டர் கலைமதி அவற்றுக்கு அரை டிக்கெட் கிழிப்பாள். சோகப் பாட்டின் சரணங்களுக்கு மலைப்பாதையில் குமட்டும், ஜன்னலோரம் கொடுப்பாள். குத்துப்பாட்டின் சரணங்கள் எப்படியும் உட்காரப் போவதில்லை, பின்படிக்கட்டுப் பக்கம் நிறுத்திவிடுவாள். எத்தனை நெரிசலிலும் ஒன்றின் வரி இன்னொன்றில் ஒட்டிக்கொண்டதாகப் புகார் வந்ததில்லை. கலைமதி கொண்டுவந்த பாட்டு கசங்கியிருக்காது என்று மலைமேல் எல்லோரும் சொல்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, வால்பாறையில் பேக்கரி வைத்திருக்கும் லூர்துவின் முதல் பாட்டு வெளியானது. அவனே எழுதி, அவனே பாடியது. கடைசிவரை யாரும் கேட்காத பாட்டை அன்று பொழுது சாய்ந்ததும் கம்பெனி அழித்துவிடும். கீழே சமவெளியில் லூர்துவைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. மேலே, பேக்கரி வாசலில் ஊரே கூடிப் பல்லவியைக் கேட்டுவிட்டு, பாதியில் நின்ற கைபேசியைப் பார்த்தபடி நின்றது.

காலையில் பொள்ளாச்சியில் அந்தப் பாட்டின் சரணம் பஸ் படிக்கட்டருகே தயங்கியது. இன்னும் எந்தக் காதிலும் நுழையாத சரணம்.

"என்னை யாருக்கும் புடிக்கலேன்னா என்னக்கா பண்றது?"

"அதைக் கேக்கறவங்க சொல்லட்டும். நீ ஏறு கண்ணு" என்று கலைமதி தன் இருக்கையிலேயே இடம் கொடுத்தாள்.

தேயிலைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் சாலையை மறித்துக்கொண்டு ஒரு யானை நின்றது. உச்சிவேளை தாண்டியும் நின்றது. ஓட்டுநர் மாரியப்பன் இன்ஜினை அணைத்துவிட்டு, "இது இப்போதைக்கு நகர்றாப்பல இல்லீங்க அம்மிணி" என்றார்.

பஸ்ஸில் இருந்த மற்றவை ஏற்கெனவே கேட்கப்பட்ட பாட்டுகளின் சரணங்கள். அவற்றால் காத்திருக்க முடியும். கலைமதி பணப்பையை மாரியப்பனிடம் கொடுத்துவிட்டு, புதுச் சரணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தேயிலைச் சரிவில் இறங்கிக் குறுக்கே நடந்தாள்.

மூடுபனியில் சரணம் ஈரம் குடித்துக் கனத்தது. காலில் அட்டைகள் ஏறின. கடைசி வரி சேற்றில் இழுபட்டபோது அதை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

"என்னை இங்கயே விட்டுருங்கக்கா. இலை பறிக்கிறவங்க யாராச்சும் முணுமுணுத்துக்குவாங்க."

"முணுமுணுத்தா கம்பெனி கணக்குல வராது கண்ணு" என்றாள் கலைமதி. மேற்கொண்டு பேச அவளுக்கு மூச்சில்லை.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் பேக்கரிக்கு வந்து சேர்ந்தாள். லூர்து ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தான். "பாத்து தம்பி, ஓரம் மடங்கிரப் போகுது" என்றாள். இருவரும் அதை மெல்லக் கைபேசிக்குள் இறக்கினார்கள்.

பாட்டு நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. முடியும்வரை யாரும் இருமக்கூட இல்லை. முடிந்ததும், இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

லூர்து சூடான பன் ஒன்றை எடுத்துக் கலைமதியின் கையில் வைத்தான். அவள் கடை வாசலில் உட்கார்ந்து, ஒரு கையால் அட்டைகளைப் பிய்த்துப் போட்டபடியே தின்றாள்.

"ரெண்டாவது வரி நல்லாருக்கு. தூக்கிட்டு வர்றப்பவே தோணுச்சு."

"நெசமாவாக்கா?"

"நல்லா இல்லாத வரி தோளை அறுக்கும் தம்பி. இது அறுக்கல."

மறுநாள் காலை பொள்ளாச்சி டிப்போவில் ஓட்டுநர் இருக்கையில் ஒரு தாலாட்டு உட்கார்ந்திருந்தது. யானை நள்ளிரவில்தான் வழிவிட்டது, தூக்கம் கெட்ட மாரியப்பனுக்குப் பதிலாகத் தனக்கு டூட்டி போட்டிருக்கிறார்கள் என்றது. காக்கிச் சட்டை அதற்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கலைமதி முன்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, ஏறி விசில் ஊதினாள்.