நோன்பு மாதத்துப் பதில்கள்

இவள் ‘இல்லை’ என்றல்லவா சொன்னாள். இதே படியில் நின்று, என் முகத்தைப் பார்த்து.

ஸ்வர்ணலதா புன்னகையை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டாள். எதிரே நின்ற கதீஜா பீவியின் வாய் சிவந்து கிடந்தது. பேசும்போது கன்னத்துக்குள் ஒதுக்கியிருந்த வெற்றிலையும் புகையிலையும் இடம் மாறின.

"மூணு வருஷம் முன்னாடி கேட்டப்போ வெத்தில போடற வழக்கமே இல்லைன்னேளே?"

"அது நோன்பு மாசமல்லே, டாக்டரம்மா? கொழுந்தன் வராந்தாவில இருந்து ஓதிட்டிருந்தாரு. நோன்பு வச்ச வாயால வெத்தில உண்டுன்னு சொன்னா, இவளுக்கு நாக்கு அதுக்கே அலையுதுன்னு நெனைக்கமாட்டாரா?" கதீஜா பீவி சிரித்தாள். "நீங்க வேற பரீட்சைக்கு வந்த டீச்சர் கணக்கா பேனாவும் பிடிச்சு நின்னிய. எங்க தெருவில ஆரும் சொல்லியிருக்கமாட்டாக."

"எப்போலேர்ந்து போடறேள்?"

"கெட்டிக்கொடுத்த நாள் முதலே. மாமியார் தந்ததாக்கும் முதல் வெத்தில."

அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் அதே சிவப்பு. அதற்கு மேல் அவள் கதவு தட்டவில்லை. சுக்கு மண்டிகளைத் தாண்டிப் படகுத்துறைக்கு நடந்தாள்.

வாய்ப் புற்றுநோய் வந்த பெண்களையும் வராத பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆராய்ச்சி அது. வராதவர்களில் பெரும்பாலோர் மட்டாஞ்சேரியின் இந்தத் தெருக்காரர்கள். நோன்பு மாதத்தில் பகலில் அடுப்பு எரியாது, பெண்கள் நின்று பேசுவார்கள் என்று அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தது அவளேதான். அந்த யோசனைக்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. நோய் இல்லாதவர்களில் ஏறக்குறைய யாரும் புகையிலை போடவில்லை என்று எழுதியதால்தான் புகையிலையின் ஆபத்து பதினேழு மடங்கு என்று வந்தது. அந்தப் பதினேழை இப்போது ஜப்பானில் ஒருவர், இங்கிலாந்தில் இருவர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். அவற்றில் அவள் பெயர் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது அதன் மேல் விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

படகு எறணாகுளத்தை நெருங்கும்வரை, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்றுதான் யோசித்தாள். அந்த யோசனை அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய தலைமை டாக்டர் ராமபத்ரன் இரண்டாவது கட்டுரையோடு காத்திருந்தார். அதுவும் அதே பதில்களை வைத்து எழுதியது.

"வா, வா. இந்தத் தடவை உன் பேர்தான் முதல்ல. கையெழுத்தைப் போடு, இன்னிக்கே தபால்ல போகணும். இது அச்சானா உனக்கு லண்டன்ல ரெண்டு வருஷ ஆராய்ச்சிக்கு இடம் நிச்சயம்."

அவள் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"புகையிலைதான் காரணம்கறதுல உனக்குச் சந்தேகமா?"

"இல்லை, ஸார்."

"பின்னே?"

"பதினேழு மடங்கு இல்லை. அஞ்சாயிருக்கலாம், நாலாயிருக்கலாம். எனக்குத் தெரியாது."

"நாலு போறாதா ஒருத்தி சாகறதுக்கு? நீ போய்த் தப்புன்னு எழுது. பஜார்ல புகையிலைக்காரா பாயசம் வெச்சுக் கொண்டாடுவா. வெத்திலைப் பெட்டியை மூடி வெச்சவாள்ளாம் மறுபடியும் திறப்பா. அந்தப் பாவம் யாருக்கு?"

படகில் அவளும் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான். கதீஜா பீவியின் கன்னத்தை நினைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்கடித்துப் பார்க்காமலே வந்துவிட்டோம். அதற்காகத்தானே இன்று போனது.

"திரும்பக் கேக்கணும், ஸார். நோன்பில்லாத நாளா பார்த்து, ஆம்பளைகள் கடைக்குப் போனப்பறம்."

"ஒரு வருஷமாகும். அதுக்குள்ள வேற எவனாவது எழுதிடுவான். லண்டன்காரன் உனக்காகக் காத்துண்டிருப்பானா?"

"மாட்டான்."

"முதல் கட்டுரை?"

"அதுக்கும் திருத்தம் எழுதணும். நான் எழுதித் தரேன், நீங்க பார்த்துட்டு அனுப்பலாம்."

அவர் பேனாவின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். கோபம் இல்லை. கெஞ்சுவதுபோல் கூட இருந்தது. "லதா, நன்னா யோசிச்சுக்கோ."

அவள் பேனாவை வாங்கினாள். கடைசிப் பக்கத்தில் தன் பெயர் தட்டச்சாகியிருந்ததை ஒருமுறை படித்தாள். பிறகு மூடியைத் திருகி மூடி, மேஜையில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"நான் போடலை, ஸார்."