வாசனைக்கு வைத்த பாத்திரம்

அது நவம்பர் இரண்டாம் ஞாயிறா, மூன்றாம் ஞாயிறா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வெர்னாவே என்னிடம் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறாள். ஏரியின் ஓரம் உறைய ஆரம்பித்திருந்தது என்பதில் மட்டும் மாற்றமில்லை. மற்றதை அவள் சொன்னபடி சொல்கிறேன், எங்காவது பிசகியிருக்கலாம்.

காலையிலேயே பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டாள். நிறையத் தண்ணீர், ஆரஞ்சுத் தோல், ஆப்பிளின் நடுத்தண்டுகள், மூன்று பட்டை, ஒரு கை கிராம்பு, வாசலில் ஒடித்த பைன் கொழுந்து. குளிர் இறங்கினால் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் செய்வதுதான். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. கணவர் ஒரினின் சாய்வு நாற்காலியில் மூத்திர நாற்றம் ஏறிவிட்டிருந்தது. உறையைத் துவைத்தாள், சோடா மாவைத் தூவினாள். பஞ்சுக்குள் இறங்கியது வெளியே வரவில்லை. மறதி நோய் வந்து மூன்று வருடம். அவரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யத்தான் மகள் கார்லா அன்று மில்வாக்கியிலிருந்து வந்தாள்.

"என்னம்மா, கிறிஸ்துமஸ் இப்பவே வந்துடுச்சா? தெருவரைக்கும் மணக்குது!"

"உங்கம்மாவுக்குக் கல்நெஞ்சு," என்றார் ஒரின் நாற்காலியிலிருந்து. "காலையிலேர்ந்து கொதிக்குது. ஒரு கோப்பை தரமாட்டேங்குறா."

"அது குடிக்கிறதுக்கு இல்ல ஒரின். வாசனைக்கு."

"மோந்து பாத்துட்டு பட்டினி கிடக்கணுமா? நல்ல வீட்டுலதான் வந்து மாட்டினேன்."

கார்லா சிரித்தாள். அவள் மூக்கு எங்கே போகிறது என்று வெர்னா பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கும் போகவில்லை.

சாப்பிட்டதும் ஒரின் தூங்கிவிட்டார். "ஏரிவரைக்கும் நடந்துட்டு வரலாமாம்மா?" என்று கார்லா மேலங்கியை எடுத்தாள். வாசலில் நின்று கேட்டாள்: "அடுப்பு?"

"அணைச்சாச்சு."

அணைக்கவில்லை. அணைத்தால் அரைமணியில் நாற்காலி தன் வேலையைக் காட்டிவிடும். சிறு தீதான், பாதிப் பாத்திரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது, இருபது நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

கரையில் கார்லா உறைந்த ஓரத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள். பிறகு, "இல்லத்துல ஒரு இடம் காலியாயிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்," என்றாள். இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். "ஆனா வீடு சுத்தமாத்தான் இருக்கு. அப்பாவும் கேலி பேசறாரு. வசந்தம்வரைக்கும் பாக்கலாம்மா."

வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிடத்தில் அவளுக்குப் பாத்திரம், அடுப்பு எதுவும் நினைவில்லை. படகுத்துறை தாண்டி, கோடிவரைக்கும் இருவரும் நடந்தார்கள்.

திரும்பியபோது கூரையில் புகை எச்சரிக்கை மணி அலறிக்கொண்டிருந்தது. கிராம்பு கருகிய நெடி கண்ணைக் கரித்தது. ஒரின் கழுவுதொட்டி அருகே நின்றிருந்தார். அடி கறுத்த பாத்திரம் தொட்டிக்குள் கிடந்தது. வெறுங்கையால் தூக்கியிருக்கிறார், உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது.

கார்லா அடுப்பைத் திருகி அணைத்தாள். குழாயைத் திறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்களா அடுப்பைப் பத்த வெச்சீங்க?"

ஒரின் வெர்னாவைப் பார்த்தார். மனைவியைத் தெரிந்த பார்வைதான் அது என்று அவள் என்னிடம் அடித்துச் சொன்னாள்.

"ஆமா," என்றார். "நான்தான். ஆறிப்போச்சேன்னு."

வெர்னா வாயைத் திறந்தாள். நான் அணைக்கவே இல்லை என்று மூன்று சொல்தான். ஏன் பொய் சொன்னாய் என்று கார்லா கேட்பாள். நாற்காலியைச் சொல்ல வேண்டும், ஈரத் துணிகளைச் சொல்ல வேண்டும், இரண்டு மாதமாக மறைத்த எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேசவில்லை.

"அம்மா, இனிமே முடியாது," என்றாள் கார்லா. அழுதுகொண்டுதான் சொன்னாள்.

புதன்கிழமை ஒரினை இல்லத்தில் சேர்த்தார்கள். கை ஆற மூன்று வாரம் பிடித்தது. அங்கே பதினான்கு மாதம் இருந்து, சளிக் காய்ச்சலில் இறந்தார். கார்லா மில்வாக்கியில்தான் இருக்கிறாள், ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். அவளிடம் வெர்னா இதுவரை சொல்லவில்லை. வெர்னா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள்.