‘வாழ்ந்தார்கள்’ என்று சொன்ன நாள்

மொன்ட்ரியால்-நோரில் உள்ள ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், ஜெயனிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். எல்லாம் நாலு வயசுக் குஞ்சுகள். காலையில் சப்பாத்துக் கழற்றுவது முதல் பின்னேரம் மூக்குத் துடைத்து அனுப்புவது வரை அவள்தான். மன்னாரிலிருந்து வந்து மூன்று வருடம். கணவனின் விசா இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசிப் பிள்ளையும் போனால், திங்கட்கிழமை காலை வரை அவள் வாய் திறந்து பேச ஒருவரும் இல்லை.

அந்த வியாழக்கிழமை ஆதிக்குடிகள் நாளுக்கான பாடம். ஜெயனி இணையத்தில் பார்த்து, நிறக் கடதாசியில் இறகு வெட்டிப் தலையில் வைக்கப் பன்னிரண்டு முடிகள் செய்திருந்தாள். பிள்ளைகளை வட்டமாக இருத்தி, "முன்னொரு காலத்தில் இந்த மண்ணில் ஆதிக்குடிகள் வாழ்ந்தார்கள்" என்று பிரெஞ்சில் கதை சொன்னாள். வாயில் கை அடித்துக் கூவப் பழக்கினாள். அறை அதிர்ந்தது. கத்தரின் மட்டும் முடியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஜெயனி அதை எடுத்து அவள் தலையில் வைத்து, "சிரி பாப்பம்" என்று படமும் எடுத்தாள்.

ஐந்து மணிக்குத் தாய் செலீன் வந்தாள். மகளின் தலையிலிருந்த முடியை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வெள்ளி, திங்கள் இரண்டு நாளும் கத்தரின் வரவில்லை.

"அந்தத் தாய் கானவாகே ஆள், உமக்குத் தெரியாதே? மொஹாக் சனம், ஆதிக்குடி," என்றாள் சமையல் செய்யும் யோகராணி. "அவை அப்பிடித்தான் பிள்ளை, சொல்லாமக் கொள்ளாமப் போயிடுவினம். நீர் ஏன் யோசிக்கிறீர்?"

ஜெயனிக்குத் தெரியாது. ஒரு வருடமாகத் தினமும் கண்ட பெண். பொன்சூர், மெர்சி என்று வணக்கமும் நன்றியும் சொன்னதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

செவ்வாய் பின்னேரம் பஸ் தரிப்பில் செலீனைக் கண்டாள். கிட்டப் போய், கத்தரினுக்குச் சுகமில்லையா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"சுகமாக இருக்கிறாள். வேறு இடத்தில் சேர்த்துவிட்டேன்," என்றாள் செலீன். பிறகு, சொல்வதா விடுவதா என்று யோசித்தவள் போல, "தினமும் காலையில் அவள் எங்கள் மொழியில் தண்ணீருக்கு நன்றி சொல்லுவாள். அன்றைக்கு இரவு என்னிடம், 'அம்மா, நாங்கள் எல்லாரும் செத்துப் போயிட்டோமா?' என்று கேட்டாள். நீங்கள் 'வாழ்ந்தார்கள்' என்று சொன்னீர்களாம்," என்றாள்.

"மன்னியுங்கோ. நான் என்ன சொல்லிக் குடுத்திருக்க வேணும்?" என்றாள் ஜெயனி.

"வருடம் முழுக்க வாசலில் நின்றேனே. அன்றைக்கு ஏன் கேட்கவில்லை?"

பஸ் வந்தது. செலீன் ஏறிப் போய்விட்டாள். ஜெயனி அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு அங்கேயே நின்றாள். வாய்விட்டு அழக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

மறுநாள் பிள்ளைகளை மறுபடி வட்டமாக இருத்தினாள். "நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிட்டன். அந்த முடியும் பிழை, கூவினதும் பிழை. ஆதிக்குடிகள் வாழ்ந்தவர்கள் இல்லை, வாழ்கிறவர்கள்," என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"எங்க?" என்றாள் சாம்பவி.

"ஆற்றுக்கு அங்கால. இந்தத் தெருவில. நாங்கள் ஏறுற பஸ்ஸில. போன கிழமை வரைக்கும் எங்களோட இருந்து பாஸ்தா சாப்பிட்டவளும் அவையில ஒருத்தி."

"கத்தரினா?"

"ஓம்."

சாப்பாட்டுத் தட்டுகளோடு வாசலில் நின்ற யோகராணி, பிள்ளைகள் கை கழுவப் போனதும் கிட்ட வந்தாள். "இப்ப இதைச் சொல்லி என்ன? அந்தப் பிள்ளை திரும்பி வரப்போகுதே?"

"வராது அக்கா," என்றாள் ஜெயனி. "ஆனா மற்றப் பதினொரு பிள்ளையும் நான் சொன்னதை நம்பித்தானே வளரப்போகுதுகள்? உயிரோட இருக்கிற சனத்தை முடிஞ்சுபோன கதையாச் சொல்லிக்குடுக்கிறது, அவையை இன்னொருக்கா அழிக்கிற மாதிரி. ஒரு சனத்தைப் பற்றிப் பிள்ளையளுக்குச் சொல்ல முதல், அந்தச் சனத்திட்டக் கேக்கவேணும். நான் கேக்கேல்ல அக்கா. பக்கத்தில நிண்டவ, நான் கேக்கேல்ல."