கறுப்பு வெள்ளைத் தாய்மாமன்

சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் பதினான்கு வருஷம் அடி வாங்கிவிட்டு 1976 ஆவணியில் மல்லசமுத்திரத்துக்குத் திரும்பிய செங்கோடன் கறுப்பு வெள்ளையாக இருந்தார். வேட்டியின் கரை பச்சையாகத்தான் இருந்தது. உடம்பு மட்டும் படத்தில் தெரிகிற மாதிரியே சாம்பலும் கறுப்புமாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊர் சிரித்தது. நிறத்துக்காக அல்ல, அவரைப் பார்த்தால் சிரிப்பது பழகிப் போயிருந்தது.

பெரிய காமெடியனுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அவர் தொழில். சமையல்காரரோ கான்ஸ்டபிளோ பெண் வீட்டுக்காரரோ, எந்த வேஷமானாலும் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் அறை வாங்க வேண்டும். கைதட்டல் அறைந்தவருக்குப் போகும். செங்கோடனுக்கு அதில் குறை இல்லை. அறை விழப் போகிற கணத்தில் கண் சிமிட்டாமல் நிற்பது தன்னால்தான் முடியும் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்கள் முன்னாலேயே முகத்தைச் சுளித்துக் காட்சியைக் கெடுத்துவிடுவார்கள். நிறம் எந்தப் படத்தில் போனது என்று யாரும் கவனிக்கவில்லை, செட்டில் எல்லோரும் பவுடர் பூசியே நின்றார்கள். கலர்ப் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது. பெரிய காமெடியன் மஞ்சள் சட்டையில் ஜொலித்தார். பக்கத்தில் செங்கோடன் பழைய படத்திலிருந்து கத்தரித்து ஒட்டியவர்போல் நின்றார். கேமராக்காரர் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். பிறகு டைரக்டர் அவரை ஊருக்குப் போகச் சொன்னார். கெட்டவர் அல்ல, தன் காரிலேயே கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டார்.

அடுத்த ஏழு வருஷம் கடலைக்காட்டில் போயிற்று. செங்கோடனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஸ்டுடியோவிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் தூக்கி வளர்த்த பிள்ளை என்றால் தங்கை பொன்னாத்தாளின் மகள் வசந்தாமணி மட்டும்தான். அவளுக்குப் பள்ளிபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பொன் தகட்டுப் பட்டம் கட்டாமல் அவர்கள் வழக்கத்தில் தாலி ஏறாது. மாப்பிள்ளையின் பெரியப்பா அர்த்தநாரி வந்தார், செங்கோடனை மேலும் கீழும் பார்த்தார், பொன்னாத்தாளிடம் சொன்னார்: "என்னுங்க அம்மணி, உங்கண்ணன் தெரையில இருந்து எறங்கி வந்தவராட்ட இருக்கறாரு. உசுரோட இருக்கற மாமன்தானுங்க பட்டங் கட்டோணும். ஒண்ணு நெறத்த வர வெய்யுங்க, இல்லீன்னா முறைக்கு வேற ஆளப் பாருங்க."

குமாரபாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த நிஜாமுதீன் பழைய சினேகிதர். எந்த நிறமானாலும் ஏற்றித் தருவதாகச் சொன்னார். செங்கோடனிடம் அப்போது ஒரே ஒரு நிறம் மிச்சமிருந்தது. வெற்றிலை போட்டால் நாக்கு சிவக்கும். சாயம் போடும் முன் நூலை வெளுத்தெடுப்பது பட்டறை வழக்கம். பழகிய கை, நிஜாமுதீன் அவரையும் முதலில் வெளுப்புத் தொட்டியில் தலையோடு முக்கி எடுத்தார். பிறகு சிவப்பு, மஞ்சள், காவி என்று மூன்று தொட்டியிலும் இறக்கினார். ஒன்றும் ஒட்டாமல் வழிந்துவிட்டது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தால் அதுவும் சாம்பலாக இருந்தது.

"ஏம் பாய், நானென்ன நூல்கண்டுங்களா? இருந்த ஒண்ணையும் வாங்கிப்போட்டீங்களே."

"கை பழக்கமுங்ண்ணா. யோசிக்காம முக்கிப்போட்டேன்."

நிஜாமுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. செங்கோடன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

கல்யாணத்தன்று அவர் பந்தலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தூரத்து உறவில் காளியண்ணன் என்று ஒருவரைப் பிடித்து, புது வேட்டி கட்டி, பட்டத்தோடு நிறுத்தியிருந்தார்கள். வசந்தாமணி நெற்றியைக் காட்டவில்லை.

"எங்க மாமன் எங்கீங்க?" என்றாள்.

அர்த்தநாரி குனிந்து, "சாமி, பெரியவங்க பேசி முடிச்சதம்மா" என்றார்.

"எங்கிட்ட யாரும் பேசுலீங்களே. அவரு கட்டட்டும். இல்லீன்னா மாலையக் கழட்டி உங்க கையில குடுத்துட்டு நாங் கடலை பொறுக்கப் போறேன்."

பந்தல் சிரித்தது. செங்கோடன் வாழ்நாளில் கேட்ட சிரிப்புகளில் தன்மேல் விழாத முதல் சிரிப்பு அதுதான். எழுந்து வந்தார். பட்டம் இருந்த தட்டு கைக்கு வந்ததும் கூட்டம் அமைதியானது. அது கீழே விழும் என்று அவர்களுக்குத் தெரியும். பின்னாலிருந்து ஒருவன், "போடுங்க மாமா, தட்டப் போடுங்க!" என்று கத்தினான். செங்கோடன் கண் சிமிட்டவில்லை. தட்டை வசந்தாமணியின் மடியில் வைத்து, பட்டத்தை எடுத்து நெற்றியில் பொருத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துப் பின்னால் முடிச்சுப் போட்டார். கையை எடுத்தபோது விரல் பட்ட இடத்தில் அவள் நெற்றி சாம்பல் நிறமாகியிருந்தது. அர்த்தநாரி அதைப் பார்த்தார், முகூர்த்தம் தாண்டப் போவதையும் பார்த்தார், மேளக்காரரைக் கொட்டச் சொன்னார்.

அந்த இடத்துக்கு நிறம் திரும்பவில்லை. குங்குமம் வைத்தால் அங்கே கறுப்பாகத்தான் தெரியும். பள்ளிபாளையத்துப் பெண்கள் ஒரு வருஷம் அதைப் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். வசந்தாமணிக்கு 1985-இல் மகள் பிறந்தாள். குழந்தையின் நெற்றியிலும் அதே இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு வெள்ளை இருந்தது. அர்த்தநாரி குழந்தையை வாங்கி வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். "அம்மா ஊட்டுச் சாடை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டார்.